கார்டீனியா யாழ்ப்பாணத்திலயும் பூக்கும், கிணத்துத் தண்ணியை மட்டும் ஊத்தாதேங்கோ

நுவரெலியாவுக்கு ட்ரிப் போட்டு வாற ஆக்களில ஒருத்தராவது கேக்காமல் விடமாட்டினம், "அந்த அசேலியாவை எங்கட வளவில வைக்கேலாதோ?" எண்டு. கனடாப் பக்கம் இருக்கிற சொந்தக்காரர் இன்னும் ஒரு படி மேல, தங்கட வீட்டுக்கு முன்னால பூத்து மணக்கிற அசேலியாவைப் படமெடுத்து வட்ஸ்அப்பில போட்டுட்டு, வரேக்க ஒரு கண்டு கொண்டுவரட்டோ எண்டும் கேப்பினம். வேண்டாம். யாழ்ப்பாணத்தில அது நிக்காது. ஆனால் கரும்பச்சை இலையோட, புதரா, வெள்ளைப் பூவும் நல்ல மணமுமா ஒரு செடிதான் வேணுமெண்டால் கார்டீனியா இருக்கு. அதுவும் அசேலியா மாதிரி புளிப்பு மண் கேக்கிற சாதிதான், எங்கட சுண்ணாம்புக்கல்லு நிலத்தில லேசில வராது, ஆனால் வெக்கையைத் தாங்கும், அதால கொஞ்சம் மினக்கெட்டால் இஞ்சையும் பூக்கும். அந்த மினக்கேட்டைத்தான் கீழ வரிசையாப் போட்டிருக்கிறன். இதைப்பற்றித் தேடினால் வாறதெல்லாம் வேற நாட்டு மண்ணுக்கும் வேற நாட்டுத் தண்ணிக்கும் எழுதினது, அதை அப்பிடியே இஞ்ச செய்யப் போனால் கண்டும் போகும் காசும் போகும். நான் இடத்துக்கு இடம் கேட்டும் பாத்தும் பொறுக்கினதை நீங்கள் திரும்ப முதல்ல இருந்து பொறுக்கத் தேவையில்லை.

1. அசேலியா ஏன் வேண்டாம், வெளிநாட்டால கண்டு கொண்டுவாறதெண்டால் என்ன பேப்பர் வேணும்

மணக்கிற அசேலியா எண்டு அங்க காட்டிறது பெரும்பாலும் வட அமெரிக்காவின்ர கிழக்குப் பக்கத்துக் காட்டுச் சாதியள். குளிர்காலத்தில இலை முழுக்கக் கொட்டி, நல்ல குளிருக்குள்ள உறங்கி எழும்பினால்தான் அதுக்குப் பூ. எங்கட மார்கழி இரவைக் குளிர் எண்டு நாங்கள்தான் சொல்லுறம், அந்தச் செடிக்கு அது கணக்கிலயே வராது. நுவரெலியாவில சாடியோட விக்கிறது வேற சாதி, ஆசியாக் கலப்பினம், இலை கொட்டாது, ஆனால் அதில பெரும்பாலானதுக்கு மணமும் இல்லை. 1,800 மீற்றருக்கு மேல குளிரில நிண்டதைக் கொண்டுவந்து கடல்மட்டத்தில வைச்சால் சித்திரையைத் தாண்டாது. எங்கட நாட்டுக்கே சொந்தமான ரொடொடென்ட்ரன் (அசேலியாவும் இந்த இனம்தான்) ஒண்டு ஹோட்டன் சமவெளியில நிக்குது, சிங்களத்தில மகா ரத்மல் எண்டுவினம், சிவப்பா நல்ல வடிவாப் பூக்கும், ஆனால் அதுவும் மல்லிகை மாதிரி மணக்கிற பூ இல்லை, அதோட அது தேசியப் பூங்கா, கொப்பு முறிக்கிறதே குற்றம். ஆடு வளக்கிற வீட்டுக்காரருக்கு இன்னுமொண்டு: அசேலியா இலை ஆட்டுக்கு நஞ்சு.

இவ்வளவும் கேட்டும் வெளிநாட்டால ஏதாவது கண்டு கொண்டுவரத்தான் வேணும் எண்டால், பெட்டிக்குள்ள உடுப்புக்கு நடுவில ஒளிச்சுக் கொண்டுவராதேங்கோ. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் எண்டு ஒண்டு இருக்கு. உயிருள்ள கண்டோ தடியோ கொண்டுவாறதுக்கு ரெண்டு பேப்பர் வேணும். ஒண்டு, எங்கட விவசாயத் திணைக்களத்திட்ட எடுக்கிற இறக்குமதி அனுமதி. மற்றது, அனுப்புற நாட்டு அரசாங்கப் பிரிவு பாத்துக் குடுக்கிற தாவரச் சுகாதாரச் சான்றிதழ். இதில ஒழுங்கு முக்கியம், அனுமதி முதல், சான்றிதழ் பிறகு, ஏனெண்டால் அனுமதியில இருக்கிற நிபந்தனையைப் பாத்துத்தான் அங்க சான்றிதழ் எழுதுவினம். வேரில மண் ஒட்டியிருக்கக் கூடாது. திணைக்களத்தின்ர தாவரத் தொற்றுத்தடுப்புச் சேவை கட்டுநாயக்கவில இருக்கு, எதுக்கும் ரிக்கற் போட முதல் அவையிட்டக் கேளுங்கோ. சென்னையில இருந்து பலாலிக்கு வந்து இறங்கினாலும், நாகபட்டினத்தால காங்கேசன்துறைக்குக் கப்பல்ல வந்தாலும் சட்டம் ஒண்டுதான், அது சின்ன ஏர்போட்தானே, ஆர் பாக்கப்போகினம் எண்டு சொல்லுற ஆக்களின்ர கதையைக் கேக்காதேங்கோ.

கார்டீனியாவுக்கு இந்த ஓட்டம் ஒண்டும் இல்லை, இலங்கைக்குள்ளயே கண்டு விக்குது.

2. கண்டு வாங்க முதல் தண்ணியைப் பாருங்கோ

உங்கட கேத்திலைத் திறந்து அடியைப் பாருங்கோ. வெள்ளையா, நகத்தால சுரண்டினால் செதில் செதிலாக் கழருற படை இருக்கெல்லோ, அதுதான் கார்டீனியாவைக் கொல்லுறது. வெயில் கூடிப்போச்சு, பசளை காணாது, கண்டு சரியில்லை எண்டு ஆளாளுக்கு ஒண்டு சொல்லுவினம், முக்கால்வாசி நேரம் காரணம் இந்தப் படைதான்.

எங்கட கிணத்துத் தண்ணி சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால ஊறி வாறது. ஒரு லீற்றரில 300 மில்லிகிராம் சுண்ணாம்பு கரைஞ்சிருக்கு எண்டு ஒரு பேச்சுக்கு வைப்பம், நாளுக்கு 2 லீற்றர் ஊத்தினால் வருசத்துக்கு 200 கிராமுக்கு மேல சுண்ணாம்பை ஒரு சாடிக்குள்ள நீங்களே போட்டிருப்பியள். தண்ணி ஆவியாப் போகும், சுண்ணாம்பு போகாது. மண்ணின்ர புளிப்பு கொஞ்சம் கொஞ்சமாக் குறைஞ்சு பீஎச் (புளிப்பை அளக்கிற இலக்கம், அது குறையக் குறையப் புளிப்புக் கூட) 7க்கு மேல ஏறும், ஏறினால் மண்ணில இரும்புச்சத்து இருந்தும் வேரால இழுக்கேலாது. கார்டீனியாவுக்குப் பிடிச்சது 5க்கும் 6க்கும் இடையில. அதாலதான் வாங்கின கண்டு முதல் ரெண்டு மூண்டு மாசம் பளபளவெண்டு நிண்டுட்டு, பிறகு துளிர் எல்லாம் மஞ்சளா வாறது, அதுவரைக்கும் அது நேசரிக்காரன்ர கலவையில சீவிச்சுது.

பொதுவா நடக்கிற பிழை என்னெண்டால், குடிக்க நல்ல தண்ணி எண்டால் செடிக்கும் நல்லம் எண்டு நினைக்கிறது. கோப்பாய், உரும்பிராய், சுன்னாகம் பக்கத்து நல்ல தண்ணிக் கிணறும் சுண்ணாம்புத் தண்ணிதான், இனிப்பா இருக்கிறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. தீவுப்பகுதியிலயும் கரையோரத்திலயும் உவரும் சேந்து வரும், அது இன்னும் மோசம்.

பீஎச் பேப்பர் ஒரு பக்கற் வாங்குங்கோ, மீன் தொட்டிச் சாமான் விக்கிற கடையில கேட்டுப் பாக்கலாம். கிணத்துத் தண்ணி, மழைத் தண்ணி, குழாய்த் தண்ணி மூண்டையும் பக்கத்தில பக்கத்தில வைச்சு ஒருக்கா நனைச்சுப் பாத்தியளெண்டால் பிறகு நான் ஒண்டும் சொல்லத் தேவையில்லை.

3. மாரித் தண்ணியைப் பிடிச்சு வையுங்கோ

இதுதான் முழு வேலையின்ர அரைவாசி. எங்களுக்கு வருச மழையின்ர பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில கொட்டித் தீர்ந்துடும், பிறகு சித்திரையில ரெண்டொரு இடிமழை, அவ்வளவுதான். அதால தை தொடக்கம் புரட்டாதி மட்டும் காணக்கூடிய தண்ணியை இந்த மூண்டு மாசத்துக்குள்ள பிடிச்சுடவேணும்.

கணக்கு லேசு. 1 சதுர மீற்றர் கூரையில 1 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 1 லீற்றர். 20 சதுர மீற்றர் கூரைத் துண்டுக்குப் பீலி போட்டிருந்தால் 25 மில்லிமீற்றர் மழையில 500 லீற்றர் வரும், கார்த்திகையில அது ஒரு நாள் மழைக் கணக்குத்தான். 12 அங்குலச் சாடியில நிக்கிற ஒரு செடிக்கு கோடை முழுக்க நாளுக்கு ஒண்டரை லீற்றர் எண்டு வைச்சால் 400 லீற்றர் சொச்சம். ஒரு செடிக்கு 500 லீற்றர்த் தாங்கி, ரெண்டு செடிக்கு 1,000 லீற்றர்த் தாங்கி, சரி. அதுக்கு மேல செடி வைக்கிற ஆசை இருந்தால் கூரையையும் தாங்கியையும் கூட்டுங்கோ, தண்ணி இல்லாமல் செடியைக் கூட்டாதேங்கோ.

இதில மூண்டு பொறி இருக்கு. முதலாவது, சீமெந்துத் தொட்டி. மழைத் தண்ணியைச் சீமெந்துத் தொட்டியில விட்டால் அது தொட்டியின்ர சுண்ணாம்பைக் கரைச்சு எடுத்துடும், நீங்கள் பட்ட பாடெல்லாம் வீண், பிளாஸ்ரிக் தாங்கிதான் வேணும். புதுசாப் போட்ட கொங்கிறீற் மேல்தட்டிலால வாற தண்ணியும் அப்பிடித்தான், ஓட்டுக்கூரை அல்லது தகரம் திறம். ரெண்டாவது, கோடை முடிஞ்சு வாற முதல் மழையைப் பிடிக்காமல் விடுங்கோ, கூரையில இருக்கிற தூசியும் காகத்தின்ர எச்சமும் அதோட போகட்டும். மூண்டாவது, நுளம்பு. எங்களுக்கு டெங்கு கூடுற காலமும் மாரியும் ஒண்டுதான். தாங்கிக்கு மூடி இருக்கவேணும், பீலித் தண்ணி உள்ள போற வாயில நுளம்பு வலை கட்டியிருக்கவேணும். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி வளவில நுளம்பு பெருக விட்டால் வழக்குப் போடலாம், பீஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து குடம்பியைக் கண்டால் உங்கட கார்டீனியாக் கதையைக் கேட்டுக்கொண்டு நிக்கமாட்டார். சாடிக்குக் கீழ வைக்கிற தட்டும் இதுக்குள்ள அடங்கும், அதைக் கழட்டி எறியுங்கோ.

தாங்கி வைக்க வசதி இல்லாத ஆக்களுக்கு வேற ஒரு வழி இருக்கு, வீட்டில ஏசி இருந்தால் அதால வெளியில ஒழுகிற தண்ணியை ஒரு வாளியில பிடியுங்கோ. அது காத்தில இருந்து வடிஞ்ச தண்ணி, சுண்ணாம்பு இல்லை, ஒரு சாடிக்கு அதுவே காணும். ஆனால் ஆர்ஓ பில்ரரின்ர கழிவுத் தண்ணியை மட்டும் ஊத்தாதேங்கோ, வடிச்சு எடுத்த உப்பெல்லாம் அதுக்குள்ளதான் சேந்து நிக்குது. பில்ரரின்ர நல்ல தண்ணி சரிவரும், ஆனால் காசு குடுத்து வாங்கிச் செடிக்கு ஊத்துறதெண்டால் அது உங்கட விருப்பம்.

மழைத் தண்ணி முடிஞ்சுபோனால் என்ன செய்யிறது? கிணத்துத் தண்ணி 10 லீற்றருக்கு அரைத் தேக்கரண்டி சிட்ரிக் அசிட் போட்டுக் கலக்கி, கொஞ்ச நேரம் விட்டுப் பேப்பரால பாருங்கோ, 6க்குக் கிட்ட வரும் மட்டும் துளித்துளியாக் கூட்டுங்கோ. கேக் சாமான் விக்கிற கடையில சிட்ரிக் அசிட் கிடைக்கும். ஒவ்வொரு கிணறும் வேற வேற எண்டபடியால் பக்கத்து வீட்டு அளவை நம்பாதேங்கோ, உங்கட தண்ணிக்கு ஒருக்கா அளந்து எழுதி வைச்சால் பிறகு அதேதான். இது சுண்ணாம்புத் தண்ணிக்கு மட்டும். உவர்த் தண்ணிக்கு எந்த அசிட் போட்டும் பிரயோசனம் இல்லை, உப்பு உப்பாத்தான் இருக்கும்.

4. நிலத்தில வைக்காதேங்கோ, சாடியில வையுங்கோ, சாடிக்குள்ள மண் போடாதேங்கோ

கிடங்கு வெட்டி, உள்ளுக்கு நல்ல கலவை போட்டு, கந்தகமும் தூவி நிலத்தில வைக்கலாம் எண்டு சிலர் சொல்லுவினம். 1 கிலோ கந்தகம் கரைக்கிறது ஏறக்குறைய 3 கிலோ சுண்ணாம்பைத்தான், அதுவும் மாசக்கணக்கில. கீழ முழுக்கச் சுண்ணாம்புக்கல்லு, எத்தினை கிலோ போடப்போறியள்? மதிலோரமெண்டால் கட்டேக்க கொட்டுண்ட சீமெந்தும் சாந்தும் வேற.

சாடி பிளாஸ்ரிக் அல்லது சுட்ட மண் சாடி. சீமெந்துச் சாடி வடிவுதான், எங்கட பக்கம் மலிவாவும் கிடைக்கும், ஆனால் தாங்கிக்குச் சொன்ன அதே காரணம். கறுப்புப் பிளாஸ்ரிக் வெயிலில சுட்டு வேரை அவிச்சுப்போடும், அதால வெள்ளை அல்லது மண் நிறத்தில பாத்து எடுங்கோ. அடியில ஓட்டை நாலைஞ்சாவது இருக்கவேணும்.

கலவைக்கு நான் சொல்லுறது: தும்புத்தூள் ரெண்டு பங்கு, நல்லா உக்கின இலைக் கூட்டெரு ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு. இது மூண்டுக்கும் ஒவ்வொரு பரிசோதனை இருக்கு.

தும்புத்தூள் சில இடத்தில உவர்த் தண்ணியில ஊறப்போட்ட மட்டையில இருந்து வாறது, உப்பு நிக்கும். வாளியில போட்டு மழைத் தண்ணியில ரெண்டு மூண்டு தரம் அலசிப் பிழியுங்கோ, முதல் தரம் வாற தேத்தண்ணி நிறத் தண்ணியை மல்லிகைக்கு ஊத்தாமல் வெளியில ஊத்துங்கோ.

மணல் கரையோரத்து மணலா இருக்கக்கூடாது, அதில சிப்பியும் பவளத் தூளும் இருக்கும். சந்தேகமெண்டால் ஒரு கரண்டி மணலைக் கோப்பையில போட்டு அரைத் தேசிக்காய் பிழியுங்கோ. காதுக்குக் கிட்டப் பிடிச்சால் சின்னச் சத்தத்தோட நுரைக்கிறது கேக்கும். நுரைச்சால் சுண்ணாம்பு, அந்த மணல் வேண்டாம். வன்னிப் பக்கத்தால வாற ஆத்து மணல் பொதுவா நுரைக்காது, எண்டாலும் ஒருக்காப் பிழிஞ்சு பாருங்கோ, தேசிக்காய் ஒண்டுதானே.

கூட்டெருவில சாம்பல் கலந்திருக்கக் கூடாது. எங்கட ஆக்களுக்கு இருக்கிற பழக்கம், குப்பையை எரிச்சு அந்தச் சாம்பலை மரத்துக்குப் போடுறது, முட்டைக் கோதை நொறுக்கிச் சாடியில போடுறது. கத்தரிக்கும் மிளகாய்க்கும் போடுங்கோ, கார்டீனியாவுக்கு ரெண்டும் ஆகாது. உமிக்கரியும் அந்தப் பக்கம்தான். வீட்டில அம்மம்மாவோ மாமியோ இருந்தால் இதை முதல்லயே சொல்லி வையுங்கோ, இல்லாட்டி நீங்கள் வேலைக்குப் போன நேரம் பாத்து அவை அன்பாச் சாம்பல் போட்டுடுவினம்.

5. கண்டு வாங்கிறது எப்ப

நல்லூர்த் திருவிழா நேரம் ஊரெல்லாம் கடை, அந்த நேரம் பூங்கண்டு கண்ணில பட்டால் கை சும்மா இருக்காது. ஆனால் ஆவணி வெயிலும் சோளகக் காத்தும் அடிக்கேக்க புதுக் கண்டு வைக்கிறது அதைச் சாகக் குடுக்கிற வேலை. தாங்கியும் வெறுமையா இருக்கும். ஐப்பசி மழை ரெண்டு விழுந்த பிறகு வாங்குங்கோ, மாரி முழுக்க வானமே தண்ணி ஊத்தும், தைக்கிடையில வேர் பிடிச்சுடும்.

இஞ்ச விக்கிற கண்டு கன நேரம் கண்டி, கொழும்புப் பக்கத்தால லொறியில வாறது, அங்கத்த மெதுத் தண்ணியில வளந்தது. வந்து இறங்கின கிழமை கொஞ்சம் இலை கொட்டும், பயப்பிடத் தேவையில்லை. மொட்டு நிறைய நிக்கிற கண்டை எடுக்காதேங்கோ, அந்த மொட்டு எல்லாம் விழும், விலையும் கூட. புதுத் துளிர் பச்சையா இருக்கோ எண்டு பாருங்கோ, இலைக்குப் பின்பக்கத்தைப் பிரட்டிப் பாருங்கோ, வெள்ளைப் பஞ்சு மாதிரியோ கரி பூசின மாதிரியோ இருந்தால் விட்டுட்டு வாங்கோ. "கந்தராசன்", "கேப் ஜாஸ்மின்" எண்டு வேற பேரிலயும் விப்பினம், நந்தியாவட்டையையும் சில இடத்தில கார்டீனியா எண்டு குடுப்பினம். ஒரு இலையைக் கிள்ளிப் பாருங்கோ, பால் வந்தால் அது நந்தியாவட்டை.

6. செலவு

கண்டுக்குப் போறது இதில ஆகச் சின்னக் காசு. சின்னக் கண்டு ஒண்டின்ர விலையைப் போல மூண்டு நாலு மடங்கு பூத்து நிக்கிற சாடிக்குக் கேப்பினம், சின்னதை எடுங்கோ. பெரிய காசு தாங்கிக்கும் பீலிக்கும்தான். வீட்டில பழைய நீல பரல் இருந்தால், அதுக்குள்ள முதல் என்ன இருந்தது எண்டு விசாரிச்சுட்டு, கழுவிப் பாவியுங்கோ, 200 லீற்றர்ப் பரல் ரெண்டு ஒரு செடிக்குக் காணும். மருந்துப் பரல் எண்டால் தொடாதேங்கோ. தும்புத்தூளைக் கட்டியா அமத்தினதா வாங்கினால் பக்கற்றில விக்கிறதை விட மலிவு, தண்ணியில ஊறினால் பல மடங்கு பொங்கும். விலையள் மாசத்துக்கு மாசம் மாறிக்கொண்டிருக்கு எண்டபடியால் நான் இலக்கம் எழுதேல்லை, ஆனால் தாங்கிக்குக் காசு இல்லாட்டி இந்த வருசம் கண்டு வாங்காதேங்கோ, அடுத்த மாரிக்கு வாங்கலாம்.

7. வைக்கிற இடம்

காலை வெயில் நாலு மணித்தியாலம், மத்தியானத்துக்குப் பிறகு நிழல். வீட்டுக்குக் கிழக்குப் பக்கம், அல்லது மாமரத்துக்கு ஓரம். மேற்குப் பக்கச் சுவருக்குப் பக்கத்தில வைச்சால் பின்னேரம் சுவர் விடுற வெக்கையிலயே வாடிப்போகும். வைகாசியில இருந்து சோளகம் ஊதேக்க ஒரு கிடுகுத் தட்டியோ பச்சை வலையோ தெற்கு, மேற்குப் பக்கம் கட்டுங்கோ. வாசம் வேணுமெண்டுதானே வைக்கிறம், விறாந்தைக்குக் கிட்ட வைச்சால் பின்னேரம் கதிரை போட்டு இருக்கேக்க வரும்.

8. கிழமை வேலை, பசளை

மேல் கலவையை விரலால ஒரு அங்குலம் தோண்டிப் பாருங்கோ, காஞ்சால் ஊத்துங்கோ, ஈரமெண்டால் விடுங்கோ. ஊத்தேக்க அடி ஓட்டையால வெளியில வரும் மட்டும் ஊத்தவேணும், தினமும் ஒரு கோப்பை ஊத்திறது சரிவராது. காஞ்சுபோன சருகை மேல ரெண்டு அங்குலத்துக்குப் போட்டு மூடினால் தண்ணி மிச்சம்.

பசளைக்கு அமோனியம் சல்பேட் நல்லம், தேயிலைக்குப் போடுறது, அது தானே மண்ணைக் கொஞ்சம் புளிப்பாக்கும். மழைத் தண்ணி 5 லீற்றருக்கு அரைத் தேக்கரண்டி, மூண்டு கிழமைக்கு ஒருக்கா, துளிர் விடுற காலத்தில மட்டும். ஈரக் கலவைக்கு மேலதான் ஊத்தவேணும். அது தழைச்சத்துக்கு மட்டும்தான், மற்றதுக்கு வருசத்தில ரெண்டு தரம் உக்கின மாட்டெருவை ஒரு கைப்பிடி மேல போடுங்கோ. பச்சை ஆட்டெரு வேண்டாம், சுடும். தேத்தண்ணிச் சக்கை போடலாம், ஆனால் பாலும் சீனியும் போட்டதைக் கழுவாமல் போட்டால் எறும்பு வரும், எறும்புக்குப் பின்னால பஞ்சுப் பூச்சி வரும்.

9. இலை மஞ்சளானால் எந்த இலை எண்டு பாருங்கோ

புது இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சைக் கோடு கோடா நிண்டால் இரும்புச்சத்து இழுக்கேலாமல் நிக்குது. பழைய இலையில நரம்புக்கிடையில மஞ்சளெண்டால் மக்னீசியம், எப்சம் உப்பு 1 தேக்கரண்டி 4 லீற்றரில கரைச்சு ஊத்தினால் காணும். அடி இலை ரெண்டு மூண்டு முழுசா மஞ்சளாகி விழுந்தால் அது வயசு, விடுங்கோ. முழுச் செடியும் மஞ்சளாகி, கலவை எப்பவும் ஈரமா, நாறினால் வேர் அழுகுது.

இரும்புக்குக் கடைக்காரர் குடுக்கிறதை அப்பிடியே வாங்காதேங்கோ. கிலேட் (இரும்பு மண்ணில பூட்டுப்படாமல் பிடிச்சு வைக்கிற சேர்மம்) எண்டு போட்டிருந்தாலும் ஈடிடிஏ (EDTA) வகை பீஎச் 6.5 தாண்டினால் உடைஞ்சுபோகும், எங்கட நிலைமைக்கு அது காசைக் கரைக்கிறது. ஈடிடிஎச்ஏ (EDDHA) எண்டு எழுதியிருக்கிற, கருஞ்சிவப்பா இருக்கிற தூள்தான் சுண்ணாம்புக்குள்ளயும் நிண்டு வேலை செய்யும். விலை கூட, ஆனால் ஒரு சிட்டிகைதான் வேணும். அது கிடைக்காட்டி பெரஸ் சல்பேட்டை 1 லீற்றருக்கு 2 கிராம் கரைச்சு, வெயில் தாழ்ந்த பிறகு இலைக்குத் தெளியுங்கோ, மண்ணில போட்டால் உடன பூட்டுப்பட்டுடும். சீமெந்தில சிந்தினால் கறை போகாது, அதையும் சொல்லி வைக்கிறன். மஞ்சளான இலை திரும்ப முழுப் பச்சையா வராட்டியும் பரவாயில்லை, அடுத்த துளிரைத்தான் பாக்கவேணும். இதெல்லாம் செய்தும் தண்ணியை மாத்தாட்டி ரெண்டு மாசத்தில திரும்ப மஞ்சள்.

விளங்காத நோய் எண்டால் 1920க்கு அடியுங்கோ, விவசாயத் திணைக்களத்தின்ர ஆலோசனை இலக்கம். உங்கட பகுதி விவசாயப் போதனாசிரியரையும் கேக்கலாம், பூங்கண்டுக்கோ எண்டு சிரிச்சாலும் சொல்லித் தருவினம்.

10. மொட்டு விழுகுது, எப்ப வெட்டுறது

கார்டீனியாவைப் பற்றி வாற முறைப்பாட்டில அரைவாசி இதுதான், மொட்டு நிறைய வந்து, கடலை அளவில மஞ்சளாகி விழுந்துபோகும். ஒருக்காக் காயவிட்டு ஒருக்காக் குளிக்க வாக்கிறது, மொட்டு வந்த பிறகு சாடியை இடம் மாத்திறது, இரவு வெக்கை, மொட்டுக்குள்ள இருக்கிற சின்னப் பேன் பூச்சி, இந்த நாலில ஒண்டுதான் காரணம். இரவு குளிர்ச்சியா இருக்கேக்க மொட்டு நல்லா நிக்கும், அதால எங்களுக்கு மார்கழி, தை, மாசிதான் பூக்காலம் எண்டு வையுங்கோ. சித்திரை, வைகாசியில வாற மொட்டு உதிர்ந்தால் அதுக்காக மருந்தடிச்சுக்கொண்டு திரியாதேங்கோ.

வெட்டுறது பூ முடிஞ்ச கையோட, பங்குனிக்குள்ள. காஞ்ச பூவைக் காம்போட கிள்ளி, நீட்டி வளந்த கொப்பை மூண்டில ஒரு பங்கு வெட்டலாம். ஆவணிக்குப் பிறகு கத்தரிக்கோலைத் தொடாதேங்கோ, வெட்டினால் மாரிப் பூவை வெட்டுறியள். ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா ஐப்பசியில கலவையை மாத்துங்கோ, பழைய கலவையில சுண்ணாம்பு சேந்திருக்கும்.

11. தடி வைச்சுக் கண்டு எடுக்கிறது

உங்கட செடி ஒரு வருசம் நிண்டுட்டுது எண்டால் பிறகு கண்டு வாங்கத் தேவையில்லை. மாரிக்குள்ள, முத்தினதாவும் பச்சையாவும் இல்லாத நுனிக் கொப்பு 4 அங்குலம் வெட்டி, அடி இலையளைக் கழட்டி, மிச்ச இலையைப் பாதியா வெட்டி, கழுவின தும்புத்தூளும் மணலும் சரிபாதியாக் கலந்ததில குத்துங்கோ. மேல ஒரு தண்ணிப் போத்திலை அடி வெட்டிக் கவிட்டு நிழலில வைச்சால் ஆறு தொடக்கம் எட்டுக் கிழமையில வேர் வரும், மெல்லமா இழுத்துப் பாக்கேக்க இழுபடாமல் நிண்டால் பிடிச்சுட்டுது. ஆறேழு தடி குத்துங்கோ, எல்லாம் பிடிக்காது. பக்கத்து வீட்டுக்குக் குடுக்கேக்க கண்டோட ஒரு போத்தில் மழைத் தண்ணியும் குடுத்து, அவையின்ர கேத்திலையும் ஒருக்காத் திறந்து காட்டிவிடுங்கோ.